அப்பா தானே எழும்ப ஒரு கதிரை

களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 71 வயது, பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம். சாய்மனைக் கதிரையில் இருந்துவிட்டால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது. இரவில் கட்டிலடியில் இரண்டு முறை விழுந்துவிட்டார். மின்சாரத்தில் எழுப்பிவிடும் கதிரையை அனுப்புகிறேன் என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறார். அது வேண்டுமா, ஊர்த் தச்சரைக் கொண்டே செய்விக்கலாமா, செய்வதென்றால் அளவு என்ன என்பது உங்கள் கேள்வி. கதிரையைப் பற்றிக் கேட்டாலும், ஒருவர் கையையும் எதிர்பாராமல் அப்பா இருந்து எழும்ப வேண்டும் என்பதுதான் உங்கள் மனதில் உள்ளது. கதிரை, கட்டில், மலசலகூடம் மூன்றுக்கும் கணக்கு ஒன்றுதான். நோயாளிகளின் வீடுகளுக்கு இப்படி அளவெடுத்துக் கொடுப்பதே என் வேலை என்பதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்பா எழும்பச் சிரமப்படுவதற்குக் காலில் பலமில்லாதது மட்டும் காரணமல்ல. இந்த நோயில், அசைவுகளுக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளைக் கலங்கள் குறைந்துகொண்டே போகின்றன. அதனால் ஒரு அசைவைத் தொடங்கவே நேரம் பிடிக்கிறது, உடம்பு இறுகிவிடுகிறது, பாரத்தை முன்னுக்குக் கொண்டுவர முடியாமல் பின்பக்கமாகவே சாய்கிறது. சாய்மனைக் கதிரையோ தாழ்வானது, பள்ளமானது, ஆளைப் பின்னுக்கு இழுப்பது. நோய் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதே பக்கம் கதிரையும் தள்ளினால் அவர் எப்படி எழும்புவார்? இன்னொன்று, அந்த டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா குளிசை வேலை செய்யும் நேரத்தில் நன்றாக நடப்பவர், அடுத்த குளிசைக்கு முந்திய அரை மணி நேரத்தில் கல்லாகிவிடுவார். நல்ல நேரத்தில் அளவெடுத்துச் செய்த கதிரை நல்ல நேரத்துக்கு மட்டுமே உதவும். ஆகவே எந்த அளவையும் அவருக்கு ஆகக் கரைச்சலான நேரத்தில் எடுங்கள். அநேகமாக அது விடியற்காலை, முதல் குளிசை போடுவதற்கு முன்பாக இருக்கும்.

அளவெடுக்க ஒரு மர வாங்கும் தையல் நாடாவும் போதும். வீட்டில் வெறுங்காலோடு நடப்பவரென்றால் வெறுங்காலோடு, செருப்புப் போடுபவரென்றால் செருப்போடு வாங்கில் இருத்துங்கள். பாதம் முழுதாக நிலத்தில் படிந்திருக்க வேண்டும். நிலத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எவ்வளவு என்று பாருங்கள். அது 42 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் கதிரையின் இருக்கை 46 அல்லது 47 இல் வரவேண்டும், அதாவது மடிப்புக்கு மேலே 4 முதல் 5 வரை. அடுத்ததாக, பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து அதில் 5 சென்ரிமீற்றரைக் கழித்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். மூன்றாவது, கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடித்த நிலையில் இருக்கையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரம். கைப்பிடி அந்த உயரத்தில், அல்லது 2 சென்ரிமீற்றர் கூடுதலாக வரட்டும். பெரும்பாலானவர்களுக்கு இது 20 முதல் 24 வரை வரும். தச்சர் அங்குலத்தில்தான் கேட்பார். ஆனால் இந்த வேலையில் அரை அங்குலமும் வித்தியாசம் காட்டும், சென்ரிமீற்றரிலேயே எழுதிக் கொடுங்கள்.

தச்சரிடம் போவதற்கு முன் அந்த உயரத்தைச் சோதித்துப் பாருங்கள். வாங்கைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அசையாத பலகைத் துண்டுகளை அடுக்கி உயரத்தைக் கூட்டி, அந்தக் கரைச்சலான நேரத்தில் மூன்று தடவை எழும்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில், தோளுக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், இழுத்தால் அவர் உடம்பு எதிர்த்துப் பின்னுக்குத்தான் போகும். மூன்று தடவையும் எழும்பினால் அந்த உயரம் சரி. எழும்பவில்லையென்றால் ஒரு சென்ரிமீற்றர் கூட்டிப் பாருங்கள். குதி நிலத்தை விட்டுத் தூக்கத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். கால் தொங்கினால் ஊன்றுவதற்கு ஒன்றும் இருக்காது, ஆள் முன்பக்கமாகச் சறுக்குவார்.

இனிக் கதிரை. தச்சர்கள் வழக்கமாகச் செய்யும் கதிரையில் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், முன்னங்கால்கள் இரண்டையும் ஒரு குறுக்குச் சட்டம் இணைத்திருக்கும், கைப்பிடி இருக்கையின் நடுவோடு முடிந்திருக்கும். அப்பாவின் கதிரையில் இந்த மூன்றும் கூடாது. இருக்கை மட்டமாக இருக்கட்டும், மிஞ்சிப்போனால் பின்னால் ஒரு சென்ரிமீற்றர் தாழலாம். எழும்பும்போது பாதம் முழங்காலுக்குப் பின்னால் வரவேண்டும், முன்சட்டம் இருந்தால் குதி அதில் முட்டும். எனவே உறுதிக்கான சட்டங்களைப் பக்கங்களிலும் பின்னாலும் மட்டும் போடச் சொல்லுங்கள். கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பையும் தாண்டி 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீண்டு, முனையில் உருண்டு, உள்ளங்கையில் அடங்கும் பருமனில் முடியட்டும். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். கைப்பிடியை நீட்டிவிட்டு முன்னங்காலை இருந்த இடத்திலேயே விட்டால், அவர் முனையில் ஊன்றியதும் கதிரை முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். முன்னங்கால் கைப்பிடி முனைக்கு நேர் கீழே நிற்க வேண்டும். பின்னங்கால்களும் கீழே போகப் போகப் பின்னுக்கு விரிந்து, இருக்கையின் பின்விளிம்பை விட 8 முதல் 10 சென்ரிமீற்றர் வெளியே ஊன்ற வேண்டும், ஏனென்றால் இந்த நோயுள்ளவர்கள் மெல்ல இருப்பதில்லை, கடைசி அரைச்சாணில் தொப்பென்று விழுவார்கள்.

அந்த விழுகை மூட்டுகளையும் பதம் பார்க்கும். ஆணி மட்டும் அடித்த கதிரை சில மாதங்களில் ஆடத் தொடங்கிவிடும். துளைபோட்டுக் கழுந்து இறக்கிப் பசையிட்ட மூட்டுகளே நிலைக்கும். கைப்பிடி காலோடு சேரும் இடத்தில் ஊடுருவிப் போகும் போல்ட்டும் வேண்டும். மரம் பாரமாக இருக்கட்டும். முதிரை, பாலை, தேக்கு எது கிடைத்தாலும் நல்லதே, முழுக் கதிரை 15 கிலோவுக்குக் குறையாமல் வந்தால் சரி. மற்ற வீட்டுச் சாமான் இலேசாக இருந்தால் சந்தோஷம், இந்தக் கதிரை தூக்கக் கஷ்டமாக இருந்தால்தான் சந்தோஷம். காலடியில் ரப்பர் அடியுங்கள். முதுகுப்பலகை தோள் வரை உயர்ந்து, நேர்நிலையிலிருந்து இலேசாக மட்டும் சாயட்டும். அகலம் 48 சென்ரிமீற்றரளவில் போதும். விசாலமாக இருக்கட்டுமே என்று கூட்டினால் ஒரு பக்கமாகச் சரிந்துபோவார், இரண்டு கைப்பிடியிலும் ஒரே நேரத்தில் ஊன்றவும் முடியாது.

மேலே போடும் ஸ்பொஞ் விடயத்தில் கவனம். மென்மையான மூன்று அங்குல ஸ்பொஞ் ஆள் இருந்ததும் பாதியாக அமிழும், நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த 46 அத்தோடு 42 ஆகிவிடும். நான் சொன்ன உயரம் அவர் இருந்து அமிழ்ந்த பின் வரவேண்டிய உயரம். இறுக்கமான ஸ்பொஞ்சோ அழுத்திய தும்போ ஒன்றரை அங்குலம் போதும். மேலுறைக்கு ரெக்சின் வேண்டாம், நமது வெக்கையில் வியர்த்து ஒட்டும், எழும்புவதற்கு முன் நாரியை விளிம்புக்கு நகர்த்த விடாது. மருதமுனைக் கைத்தறித் துணி போன்ற தடித்த பருத்தித் துணி அளவாகப் பிடித்து அளவாக நகரவிடும். இருக்கையின் முன்விளிம்புக்கும் கைப்பிடி முனைகளுக்கும் நிலத்தின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபடும் நிறம் கொடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் எங்கே இருக்கிறோம், எதைப் பிடிக்கிறோம் என்பது தெரியவேண்டும்.

வீடுகளில் உள்ள பிளாஸ்டிக் கதிரையை எழும்பி இருப்பதற்கு நம்பவே வேண்டாம். இலேசானது, மாபிள் நிலத்தில் பின்னுக்கு ஓடும், ஒரு கைப்பிடியில் பாரம் கூடினால் கால் விரியும். கட்டையின் மேல் தூக்கிவைத்தால் இன்னும் மோசம். ஊஞ்சல், ஆடும் கதிரை, சில்லுக் கதிரை ஆகியவையும் அப்படியே. இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங் பூட்டி ஆளை உந்திவிடும் அமைப்பைச் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். ஸ்பிரிங் தள்ளும் வேகத்துக்கு அவருடைய கால் தயாராக இருக்காது. தம்பி சொல்லும் மின்கதிரை மெதுவாகத் தூக்குவதால் அந்த ஆபத்துக் குறைவு, நோய் முற்றிய சிலருக்கு உண்மையில் உதவுகிறது. ஆனால் கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், நமது 230. அங்கிருந்து வந்ததை நேராகச் செருகினால் எரிந்துபோகும், தகுந்த மின்மாற்றி வேண்டும். கரண்ட் போனால் பாதி உயரத்தில் நிற்கும், பொத்தானை அழுத்த நடுங்காத விரலும் மறக்காத மனமும் வேண்டும். நீங்கள் சொல்லும் நிலையில், சரியான உயரமுள்ள மரக்கதிரை அப்பாவை இன்னும் தானாக எழும்ப வைக்கும் என்றுதான் நினைக்கிறேன். தானாக எழும்புவதே அவருக்குக் கிடைக்கும் பயிற்சியும்கூட.

கதிரையைப் போடும் இடமும் முக்கியம். இந்த நோயில் பலர் விழுவது திரும்பும்போதுதான். கால் நிலத்தில் ஒட்டினாற்போல நிற்கும், மேலுடம்பு மட்டும் திரும்பிவிடும். கதிரைக்கு முன்னால் ஒரு மீற்றராவது வெளியாக இருக்கட்டும். குறுகிய மூலையில் ஒரே இடத்தில் சுழன்று திரும்பாமல், வளைவாக நடந்துவந்து கதிரையை அடையும்படி போடுங்கள். இரண்டு கெண்டைக்காலிலும் விளிம்பு தட்டுவதை உணர்ந்த பிறகே கைப்பிடியைத் தேடி இருக்க வேண்டும். எழும்புவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு: நாரியை விளிம்புக்கு நகர்த்து, பாதத்தைத் தோளகலத்துக்கு விரித்துப் பின்னுக்கு இழு, கைப்பிடி முனையில் ஊன்று, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனி, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டு எண்ணி எழும்பு. எண்ணுவது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். தானாகத் தொடங்காத அசைவை வெளியிலிருந்து வரும் சத்தமும் தாளமும் தொடங்கிவைப்பது இந்த நோயில் நன்கு அறியப்பட்ட விடயம்.

கட்டிலுக்கு வருவோம், அவர் விழுந்தது அங்கேதானே. மெத்தை அமிழ்ந்த நிலையில் கதிரையின் உயரத்தோடு ஒத்திருக்க வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்த மெத்தையை மாற்றுங்கள், அடியில் பலகை இடைவெளியின்றி இருக்கட்டும். படுக்கையில் புரளுவது இவர்களுக்குப் பெரும் பாடு. அதற்கு ஒரு எளிய வழி: தோளிலிருந்து தொடை வரை வரும் அளவுக்கு, சுமார் 90 சென்ரிமீற்றர் அகலமான சாட்டின் துணியைக் குறுக்காக விரித்து இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். உடம்பு அதில் வழுகும். கால்மாட்டில் வெறும் பருத்தி விரிப்பே இருக்கட்டும், குதியை ஊன்றித் தள்ளுவதற்குப் பிடிப்பு வேண்டும். கட்டிலில் இருந்து எழும்பும் விளிம்பிலும் சாட்டினுக்கு மேல் ஒரு பருத்தித் துண்டைத் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பில் வந்து இருந்ததும் சறுக்கிக் கீழே போவார். வழுக்கும் விரிப்பில் வழுக்கும் சாரத்தோடு படுக்க விடவும் கூடாது.

பிடிப்பதற்கு, அவர் எழும்பும் பக்கத்தில் நெஞ்சு மட்டத்தில் ஒரு சிறிய வளைபிடி போதும். மெத்தைக்கு மேல் 35 முதல் 40 சென்ரிமீற்றர் உயரமாக, கட்டில் சட்டத்தோடு போல்ட்டால் இறுக்கியதாக இருக்கட்டும். விழாமல் இருக்கட்டும் என்று கட்டிலின் நீளம் முழுதும் கம்பி வேலி அடிப்பவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் மெத்தைக்கும் கம்பிக்கும் இடையில் தலையோ நெஞ்சோ சிக்கி உயிர்போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. பிடியின் கம்பிகளுக்கிடையிலோ, பிடிக்கும் மெத்தைக்கும் இடையிலோ 12 சென்ரிமீற்றரோ அதற்குக் கூடவோ இடைவெளி எங்குமே வரக்கூடாது.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும்: நுளம்பு வலை. சுற்றிவரச் செருகிய வலைக்குள்ளிருந்து, இருட்டில், அவசரமாகச் சலம் கழிக்க எழும்பும் ஒருவரின் கால் வலையில் சிக்கினால் அவர் விழாமல் என்ன செய்வார்? உங்கள் அப்பா விழுந்த இரண்டு தடவையும் வலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கமும் செருகி, எழும்பும் பக்கத்தை நடுவில் பிளந்து, இரு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஒரு முழம் படியும்படி தைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் வலை மெத்தை விளிம்போடு நிற்கட்டும், நிலத்தில் புரளக்கூடாது. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து, கட்டில் வலையையே எடுத்துவிடுவது இன்னும் நல்லது. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை ஒரு சிறு விளக்கு இரவு முழுதும் எரியட்டும்.

மலசலகூடத்தில் குந்தும் கிண்ணம்தான் என்றால், அதன்மேல் வைக்கும் கொமட் சட்டகத்தை வெல்டிங் கடையில் செய்விக்கலாம். ஒரு அங்குல ஜீ.ஐ. குழாய், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய் எடுங்கள். அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 34 மில்லிமீற்றர், கைக்கு அடங்கும். உறுதிக்கென்று ஒன்றேகால் அங்குலம் எடுத்தால் 42 வரும், நடுங்கும் விரல் அதைச் சுற்றி மூடாது. மேலே கடையில் கிடைக்கும் கொமட் இருக்கையைப் பூட்டி, உயரத்தைக் கதிரையின் அளவுக்கே கொண்டுவாருங்கள். வெல்டிங் செய்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும், கடற்காற்றில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். சிங்க் பெயின்ற் இரண்டு தடவை பூசி, மாதம் ஒருமுறை அந்த மூட்டுகளைப் பாருங்கள். சுவர்ப்பிடிக்கும் அதே குழாய்தான், சுவருக்கும் குழாய்க்கும் இடையில் 4 சென்ரிமீற்றர் விடுங்கள். கூட விட்டால் தவறும் கை உள்ளே நுழைந்து முறியும். நம் பக்கத்து வீடுகளில் பல உட்குழிவான சீமெந்துக் கல்லில் கட்டியவை. அதில் பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகாணி போட்டால் ஒருநாள் பிடியும் ஆளும் சேர்ந்தே வருவார்கள். சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு மறுபக்கம் தகடு வைத்து இறுக்குங்கள், அல்லது கல்லின் குழியை உடைத்துக் கொங்கிறீற்று நிரப்பி அதில் பதித்து ஒரு கிழமை காயவிடுங்கள். பிறகு அப்பாவுக்கு முன்னால் நீங்கள் உங்கள் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். கிணற்றடியில் குளிப்பவரென்றால் அங்கும் கைப்பிடியுள்ள இருக்கை ஒன்றும் பாசியைத் தேய்த்து அகற்றிய நிலமும் வேண்டும்.

இதுவரை சொன்ன உயரமும் கைப்பிடியும் பாரமும் ஐயமில்லாதவை. இனி வருபவை ஆளுக்கு ஆள் மாறும். வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும் ஒருவருக்கு, நிலத்தில் குறுக்காக 4 சென்ரிமீற்றர் அகலக் கோடுகளை அவருடைய சொந்த எட்டு நீளத்துக்கு, 40 முதல் 50 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, வாசலைத் தாண்டியும் போட்டால் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார். பலருக்கு இது அதிசயம் போல வேலை செய்யும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. பெயின்ற் அடிக்க முன் நிறநாடா ஒட்டி ஒரு கிழமை பாருங்கள். சாப்பாட்டு மேசையில் முழங்கை இரண்டும் தாங்கும்படி, வயிற்றுக்கு நேரே 40 சென்ரிமீற்றர் அகலமும் 15 ஆழமுமாக வளைவு வெட்டினால் கை நடுக்கம் ஓரளவு அடங்கும், நிமிர்ந்த விளிம்புள்ள கோப்பைக்கு அடியில் ஈரத்துணி வைத்தால் ஓடாது. பாரமான கரண்டி சிலருக்கு நல்லது, சிலருக்குக் கை சீக்கிரம் களைத்து இன்னும் மெதுவாகும். ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாப்பிடும்போது புரையேறினால் அது மேசையாலோ கரண்டியாலோ தீராது, வைத்தியரிடம்தான் சொல்ல வேண்டும்.

அதுபோலத் தச்சரால் தீராத இன்னும் இரண்டு உண்டு. எழும்பி நின்றதும் தலைசுற்றினால் இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள்கொள்ளலாம். நோயாலும் வரும், குளிசையாலும் வரும். படுத்திருக்கும்போதும் எழும்பி மூன்று நிமிடத்துக்குள்ளும் அளந்து, மேல் அளவு 20 அல்லது அதற்குக் கூட இறங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்து குதிகாலை ஆட்டிவிட்டு எழும்பட்டும். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்துவதும் இதற்கு ஒரு வைத்தியம்தான், ஆனால் புரளுவதைக் கடினமாக்கும், கேட்காமல் செய்ய வேண்டாம். மற்றது, நன்றாக இருந்தவர் திடீரென்று அடிக்கடி விழத் தொடங்கினால் சலத்தில் கிருமி, குளிசை மாற்றம் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். இதை வாசிக்கும் வேறு யாராவது, நோய் தொடங்கிய முதல் வருடத்திலேயே பின்பக்கமாக விழும் ஒருவரைப் பராமரித்தால், அது பார்க்கின்சன்தானா என்பதையே நரம்பியல் வைத்தியர் திரும்பப் பார்க்க வேண்டும்.

எழுத்தில் பார்த்து ஆளைப் பார்க்காமல் கொடுக்கும் அளவுக்கு ஒரு எல்லை இருக்கிறது. முதுகு கூன் விழுந்திருந்தாலோ ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ மேலே சொன்ன எண்கள் மாறும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் நாளில் இயன்மருத்துவரிடம் இந்த மூன்று அளவையும் காட்டி, அவர் முன்னால் ஒரு தடவை எழும்பி இருக்கச் செய்யுங்கள். காசு ஒரே தடவையில் இல்லையென்றால், அப்பா விழுவது இரவில் என்பதால், வலையையும் கட்டில் பிடியையும் விளக்கையும் இந்தக் கிழமையே முடியுங்கள், பிறகு மலசலகூடம், அதன்பின் கதிரை. தச்சரிடம் கதிரைக் கால்களை 3 சென்ரிமீற்றர் கூடவே விட்டு வெட்டச் சொல்லுங்கள். கதிரையை வீட்டுக்குக் கொண்டுவந்து, விடியற்காலையில் அப்பா இருந்து எழும்பிப் பார்த்த பிறகு, மிஞ்சியதை அங்கேயே அறுத்துக்கொள்ளலாம்.